ஜன்னலில் கேட்கவும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ஜன்னலக்கா. ஆபீஸ் அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவில் ஒரு ஜன்னல் உண்டு. கம்பி கிடையாது, மேலே தூக்கிக் கொக்கியில் மாட்டுகிற மரப்பலகைதான் கதவு. அதற்கு உள்பக்கம் அவளுடைய மேஜை. சம்பளப் பட்டியலில் அவளுக்கு வேறொரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் கொஞ்சம் யோசித்துவிட்டு அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிடுவார்.

அவள் வேலை இதுதான். காலையில் வந்ததும் எந்தெந்த ஆசிரியர் லீவு என்று பார்க்க வேண்டும். அவர்களுடைய வகுப்புகளுக்கு யார் யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். அதைக் கம்ப்யூட்டரில் அடித்து ஸ்டாஃப் ரூம் போர்டில் ஒட்டச் சொல்ல வேண்டும். சப்ஸ்டிட்யூஷன் லிஸ்ட் என்பார்கள். ஆசிரியர்களுக்கு ஒரு குணம் உண்டு. நாள் முழுக்கத் தொண்டை வறளப் பாடம் நடத்துவார்கள், ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டார்கள். ஆனால் சும்மா இருக்கிற ஒரு பீரியடைப் பிடுங்கி அடுத்தவர் வகுப்புக்குப் போகச் சொன்னால், வீட்டை எழுதித் தரச் சொன்ன மாதிரி துடித்துப்போவார்கள். அதனால் முதல் மணி அடிப்பதற்கு முன்பே ஜன்னலில் கூட்டம் சேர்ந்துவிடும்.

"அக்கா, இன்னிக்கு மட்டும் என்னை விட்டுடுங்கக்கா. பாப்பாவுக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல். நான் கண்ணே மூடல."

"போன வாரமும் இதே பாப்பாவுக்குத்தான் காய்ச்சல், டீச்சர். குழந்தைய முதல்ல ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

"கண்ணாடி புதுசாக்கா? பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க." இது பிசிக்ஸ் டீச்சர். ஐஸ் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"அந்தப் பத்து வயசையும் எடுத்துக்குங்க, அஞ்சாவது பீரியடையும் எடுத்துக்குங்க."

"ஏம்மா, நேத்துதானே எனக்குப் போட்டே? என் முதுகு என்ன முதுகா, இல்ல பாலமா? எல்லாரும் ஏறிப் போறதுக்கு?" இது டிராயிங் மாஸ்டர். ரிட்டயர் ஆகப் போகிற வயசு. குரலில் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆவதற்கான அறிகுறியே இல்லை. வகுப்புக்குப் போக மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கத்திவிட்டுத்தான் போவார்.

அந்தக் காலை நேரம்தான் அவளுடைய முழு நாளும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மா சின்ன வயதிலேயே போனவள். அப்பா படுக்கையில் விழுந்து, பிறகு நெடுங்காலம் எழுந்திருக்காமலே இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்வதிலேயே கல்யாண வயது போனது. அப்பாவும் போன பின்பு வீட்டில் அவளும் ஃபிரிட்ஜும்தான். இரண்டில் அடிக்கடி சத்தம் போடுவது ஃபிரிட்ஜ். வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "சாப்பிட்டியாக்கா? உடம்பு நல்லாருக்கா? இரு, குட்டிகிட்ட குடுக்கிறேன்" என்பான். குட்டி "ஹாய் அத்தை" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். அதன் பிறகு கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்து டிவி சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அவள் அதையும் கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பாள்.

ஜன்னலில் மறுநாள் யாரிடம் என்ன பதில் சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைப்பாள். பிசிக்ஸ் டீச்சரிடம் சொன்னாளே, பத்து வயசையும் எடுத்துக்குங்க என்று? அதெல்லாம் அந்த நேரத்தில் வாயில் வந்ததில்லை. முந்தின நாளே தயார் செய்தது.

அப்படி இருக்கையில் ஒருநாள் ஹெட்மிஸ்ட்ரெஸ் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க. உங்க மேல ஒரு கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. வேண்டியவங்களுக்கு ஒரு மாதிரியும் வேண்டாதவங்களுக்கு ஒரு மாதிரியும் லிஸ்ட் போடறீங்களாம்."

"யார் மேடம் சொன்னாங்க?"

"யார் சொன்னா என்ன? நாலஞ்சு பேரா சேர்ந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க."

நாலைந்து பேர். தினமும் ஜன்னலில் சாய்ந்துகொண்டு அக்கா அக்கா என்று உருகியவர்களில் நாலைந்து பேர். அவளுக்குக் காது சூடானது. யார் யார் என்று மனசுக்குள் ஒவ்வொரு முகமாக நிறுத்திப் பார்த்தாள். எல்லா முகமும் சந்தேகமாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் டீச்சர் முகத்தில் சந்தேகம் கொஞ்சம் கூடுதலாக ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் அவர் ஒரு வாரமாக ஜன்னல் பக்கம் வரவில்லை.

"அப்ப இனிமே கம்ப்யூட்டரே போடட்டும் மேடம். நான் கை வைக்கல. யாரும் வாய் திறக்க முடியாதுல்ல?"

"கம்ப்யூட்டர் எப்படிம்மா தானா போடும்?"

"மேக்ரோன்னு ஒண்ணு இருக்கு மேடம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கத்துக்குவேன்."

மேக்ரோ என்ற சொல்லைத் தம்பி என்றோ ஒருமுறை போனில் சொல்லிக் கேட்டதுதான். அது திங்கிற பொருளா உடுத்துகிற பொருளா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ரோஷம் வந்துவிட்டால் மனுஷிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று அன்றைக்கு அவளுக்கு உறைக்கவில்லை.

கம்ப்யூட்டர் டீச்சரிடம் கேட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். செத்தாலும் கேட்க மாட்டேன் என்று இருந்துவிட்டாள். சாயந்திரம் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, போனில் ஒரு வீடியோவைப் போட்டு, கீபோர்டில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவாள். வீடியோவில் ஒரு மீசைக்காரர். சிரித்த முகம், பொறுமையான குரல். ஒவ்வொரு பாடத்துக்கும் நடுவில் நிறுத்தி, "புரிஞ்சுதா நண்பர்களே?" என்று கேட்பார்.

"புரியல சார்" என்பாள் இவள், வாய்விட்டே.

"ரொம்ப சந்தோஷம்!" என்று அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

ஒருமுறை வீடியோவுக்குக் கீழே தன் சந்தேகத்தை எழுதிப் போட்டாள். மறுநாள் மீசைக்காரரிடமிருந்து ஒரு ரோஜாப்பூ படம் பதிலாக வந்தது. சந்தேகம் அப்படியே இருந்தது. ஆனாலும் அந்தப் பூவை ஒன்றுக்கு இரண்டு தடவை எடுத்துப் பார்த்தாள்.

முதலில் கற்றது ரெக்கார்டு செய்வது. ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு எக்செல்லில் நாம் என்ன செய்தாலும் அது கூடவே எழுதிக்கொள்ளும். ஓட்டினால் அதையே தானாகத் திரும்பச் செய்யும், அதுதான் மேக்ரோ. எழுதியதைத் திறந்தும் பார்க்கலாம். திறந்தாள். அவள் ஒரு கட்டத்துக்குப் போனது, அது தப்பென்று பக்கத்துக் கட்டத்துக்கு மாறியது, இல்லை முதலில் இருந்ததுதான் சரி என்று திரும்பி வந்தது, எல்லாம் வரிவரியாக இருந்தது. அவளுடைய தடுமாற்றத்தை ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கை எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று இப்படி உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. கூச்சமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. அந்த வரிகளை அழிக்காமல் அன்று வீட்டுக்குப் போனாள்.

அந்த மிதப்பில்தான் அந்தத் தப்பு நடந்தது. ஒரு வகுப்புக்கு மாற்று ஆள் போடுவதை ரெக்கார்டு செய்தாள். யாருக்கு அந்தப் பீரியட் ஓய்வு என்று பார்த்தாள், யாருக்கு இந்த வாரம் வேலை குறைவு என்று யோசித்தாள், டிராயிங் மாஸ்டர் என்று அடித்தாள். யாரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று மிஷின் இப்போது பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கும் என்று நம்பினாள். இதே வேலையைக் கடைசி வரிசை வரைக்கும் செய் என்று சொல்ல மீசைக்காரர் காட்டிய இரண்டு வரிகளை மேலும் கீழும் சேர்த்தாள். மறுநாள் காலை ஹெட்மிஸ்ட்ரெஸ் வந்து பக்கத்தில் நின்றார். ஜன்னலுக்கு வெளியே கூட்டம் எட்டிப் பார்த்தது. அவள் பெருமையாகப் பொத்தானை அமுக்கினாள். பிரிண்டர் ஓடியது. பியூன் காகிதத்தை உருவிக்கொண்டு போய்ப் போர்டில் ஒட்டிவிட்டார். பேசுவதற்குத் தனியாகச் சம்பளம் கேட்கிற ரகம் அவர். படித்துப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

லிஸ்ட் முழுக்க டிராயிங் மாஸ்டர். எல்லா வகுப்புக்கும் அவர். மூன்றாவது பீரியடில் ஒரே நேரத்தில் மாடியிலும் கீழேயும் அவரே. அவள் யோசித்ததை மிஷின் பார்க்கவில்லை. அவள் விரல் அடித்ததை மட்டும்தான் பார்த்தது.

பழையதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று பின்னால் போகும் பொத்தானைத் தட்டினாள். அது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. மேக்ரோ ஓடிவிட்டால் செய்ததைத் திருப்ப முடியாது என்று மீசைக்காரர் பிந்திய பாடத்தில்தான் சொல்கிறார். அவள் அதுவரைக்கும் போகவில்லை. கையால் புதிதாகப் போடுவதற்குள் முதல் மணியும் அடித்துவிட்டது.

டிராயிங் மாஸ்டர் அன்றைக்கு ஜன்னலுக்கு வந்து கத்தவில்லை. ஸ்டாஃப் ரூமில் இருந்த தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு நேரே வகுப்புகளுக்குப் போனார். ஒரே பீரியடில் இருந்த இரண்டு வகுப்பையும் மைதானத்துக்கு இறக்கி ஒன்றாக உட்கார வைத்தார். சாயந்திரம் ஒரு கட்டு காகிதத்தோடு வந்து மேஜையில் போட்டார்.

"இந்தாம்மா. பள்ளிக்கூடம் மொத்தமும் இன்னிக்கு ஜக்கு வரைஞ்சிருக்கு. உன் மிஷினுக்கு என் மேல அப்படி என்ன பாசம்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஹெட்மிஸ்ட்ரெஸ் மட்டும் சிரிக்கவில்லை. "தெரியாத வேலை எதுக்கும்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அவளைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போனது.

பிறகு அவள் ரெக்கார்டு பொத்தானைத் தொடவில்லை. வரிவரியாகத் தானே எழுதக் கற்றாள். இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய் என்று மிஷினுக்குச் சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்ல வேண்டும். எதையும் தானாகப் புரிந்துகொள்ளாது. இஃப் என்று ஆரம்பித்ததை எண்ட் இஃப் என்று முடிக்காவிட்டால் ஓடவே ஓடாது. தப்பு வந்த வரியை மஞ்சளாகக் காட்டும். ஏன் தப்பு என்று சொல்லாது. "வாயைத் திறந்து சொல்லேன்" என்று அவள் திரையிடம் சண்டை போட்டிருக்கிறாள். வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து, "யார் மேடம் உள்ள?" என்று கேட்பார். "யாரும் இல்லண்ணே, நான்தான்" என்பாள்.

கடைசியில் ஒருநாள் எல்லாம் சரியாக ஓடியது. யாருக்கு ஓய்வு என்று பார்த்தது, அவர்களில் இந்த மாதம் யார் குறைவாக மாற்று வகுப்புக்குப் போயிருக்கிறார்கள் என்று எண்ணியது, அந்தப் பெயரைப் போட்டது. இரண்டு பேர் சமமாக இருந்தால் பட்டியலில் முதலில் இருப்பவரை எடுத்துக்கொண்டது. ஒரு தப்பும் இல்லை. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். சொல்வதற்கு யாராவது இருக்கிறார்களா என்று அறையைச் சுற்றிப் பார்த்தாள். தம்பிக்குப் போன் செய்தாள். அவன் மீட்டிங்கில் இருந்தான்.

ஹெட்மிஸ்ட்ரெஸுக்கு வாயெல்லாம் பல். "இனிமே ஒருத்தரும் மூச்சு விட முடியாது!" என்றார். அவர் சொன்னது அப்படியே பலித்தது.

முதல் சில நாள் அவள் ஒன்றும் நினைக்கவில்லை. பலகையைத் தூக்கி மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கும். நிற்காமல் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடும். யாருக்கோ தன் மேல் கோபம் என்று நினைத்தாள். ஒரு காலை பிசிக்ஸ் டீச்சரை அவளே கூப்பிட்டாள்.

"என்ன டீச்சர், ஆளையே காணோம்?"

"இனிமே உங்களைக் கேட்டு என்னக்கா ஆகப் போகுது? மிஷின்தானே போடுது!" நல்ல மனசோடுதான் சொன்னாள். "உங்களுக்கும் எங்க தொல்லை விட்டுச்சு, பாருங்க."

"ஆமா டீச்சர். நிம்மதி" என்றாள் இவள்.

டிராயிங் மாஸ்டரும் வரவில்லை. பட்டியலில் முதல் பெயர் அவருடையது என்பதால், சமமாக வருகிற நாளெல்லாம் அவர் தலையிலேயே விழுந்தது. அவர் போர்டுக்கு முன்னால் நின்று அந்தக் காகிதத்தைத் திட்டுவது ஜன்னல் வரை கேட்கும். முன்பெல்லாம் அந்தத் திட்டு அவளுக்கு வரும். இப்போது அதுவும் போர்டுக்குப் போய்விட்டது. பஸ்ஸில் அவள் பதில் எதையும் தயார் செய்வதில்லை. வராந்தாத் தூசி மேஜையில் படிகிறது என்று சொல்லி, பலகையைப் பாதி மட்டும் திறந்து வைக்க ஆரம்பித்தாள்.

அப்புறம் அவளுக்கே காய்ச்சல் வந்தது. பாப்பாக் காய்ச்சல் இல்லை, நிஜக் காய்ச்சல். ஹெட்மிஸ்ட்ரெஸுக்குப் போன் செய்தாள்.

"நல்லா ரெஸ்ட் எடுங்க. இங்க ஒண்ணும் கவலை இல்ல. அந்தப் பொத்தானைப் பியூன் அமுக்கிடுவாரு" என்றார் ஹெட்மிஸ்ட்ரெஸ். அன்பாகத்தான் சொன்னார். போர்வைக்குள் படுத்துக்கொண்டு அவள் அந்த அன்பைத் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்தாள். ஃபிரிட்ஜ் கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிற்கும். கஞ்சி வைத்துக்கொள்ள எழுந்தபோது தலை சுற்றி, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்த அன்று காலை பிசிக்ஸ் டீச்சர் ஜன்னலைக் கடந்து போகும்போது நின்றாள். இவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டாள்.

"நேத்து நீங்க பொத்தானை அமுக்கினதுல எனக்கு ஒண்ணுமே விழல. ரொம்ப தேங்க்ஸ்க்கா!"

"பரவால்ல டீச்சர்" என்றாள்.

பிசிக்ஸ் டீச்சர் போன பின்பும் அவள் சிரித்த முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஃபைல் எடுக்கிற சாக்கில் பீரோவுக்குப் பின்னால் போய் அழுதாள். அழுதது நன்றி கெட்டவர்கள் என்பதற்காக இல்லை. அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமே இல்லை, அதுதான் கொடுமை. லிஸ்ட் வந்தது, அதனால் அவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் வராமலே போய்விட்டாலும் லிஸ்ட் தினமும் காலையில் வந்துகொண்டுதான் இருக்கும். அதற்குத்தான் இத்தனை சாயந்திரம் உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

அன்று சாயந்திரம் மேக்ரோவைத் திறந்தாள். ஒரு வரிக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி வைத்தால் அந்த வரி பச்சையாகிப் படுத்துவிடும். முக்கியமான ஒரு வரியைப் படுக்க வைத்தால் நாளைக்கு ஒன்றும் ஓடாது. மிஷின் கெட்டுப்போச்சு மேடம் என்று சொல்லிவிடலாம். கர்சரை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். மனசு வரவில்லை. எவ்வளவு பாடுபட்டு எழுதினது.

கீழே வந்தபோது அந்த இடம் கண்ணில் பட்டது. இரண்டு பேர் சமமாக இருந்தால் முதலில் இருப்பவரை எடு. டிராயிங் மாஸ்டர் முதுகில் தினமும் ஏறுகிற வரி அதுதான். அவள் அதை மட்டும் அழித்தாள். சமமாக இருந்தால் ஒருவரையும் எடுக்க வேண்டாம், இரண்டு பெயரையும் போட்டுப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றை எழுது என்று மாற்றினாள். எழுத வேண்டிய வார்த்தையைக் கொஞ்சம் யோசித்து அடித்தாள். ஓட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. வாட்ச்மேன் சாவியை ஆட்டுவதற்குள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாள்.

மறுநாள் பலகையை முழுக்கத் தூக்கி மாட்டினாள். மேஜைத் தூசியைத் துடைத்தாள். பியூன் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார். செருப்புச் சத்தங்கள் ஜன்னலைத் தாண்டிப் போயின. ஸ்டாஃப் ரூமில் யாரோ உரக்கப் படித்தார்கள். பிறகு ஒரு செருப்புச் சத்தம் மட்டும் திரும்பி வந்தது.

"ஏம்மா, என் பேரையும் பிசிக்ஸ் பேரையும் போட்டுப் பக்கத்துல ‘ஜன்னலில் கேட்கவும்’னு இருக்கே. என்னத்தக் கேக்கணும்?"

"நீங்க ரெண்டு பேரும் சமமா போயிருக்கீங்க சார். யாரை அனுப்பறதுன்னு அதுக்குத் தெரியல."

"அவ்வளவு பெரிய மிஷினுக்கு ரெண்டு பேர்ல ஒருத்தரை எடுக்கத் தெரியாதா?"

நேற்று வரை எடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஒரே ஒரு வரி. அது அவளுக்கு மனப்பாடம்.

"தெரியாது சார்" என்றாள்.

டிராயிங் மாஸ்டர் முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றிக்கொண்டார். முதுகை ஒருமுறை நிமிர்த்திப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஆனால் கத்தவில்லை.

"அது கிடக்கட்டும். முந்தாநாள் இந்தப் பலகை ஏன் மூடியே கிடந்துச்சு? நீ வரலையா? கேக்கலாம்னுதான் பார்த்தேன். ஒரு வேலையும் இல்லாம சும்மா எப்படிம்மா இங்க வந்து நிக்கறது?"

அவள் கீபோர்டைத் தள்ளி வைத்தாள். பதில் எதுவும் தயார் செய்து வந்திருக்கவில்லை.

"காய்ச்சல் சார்" என்றாள்.